வலி போனதற்கு மொட்டை போட்டோம்

செல்வி, முரளி, பிள்ளைகள் இரண்டு பேரும் இதைப் படிக்க வேண்டும். முதலில் செல்வி படிக்கட்டும். அவளுக்குத்தான் இந்தப் பாடம் பரீட்சைக்கு வருகிறது.

போன வாரம் போனில் சொன்னாயே செல்வி, சிறுநீரகப் படத்தைப் போட்டுப் பாகங்களின் பெயரை எழுத வேண்டும், ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே கண் மங்கிப்போகிறது என்று. அது ஏன் என்று எனக்குத் தெரியும். சித்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இன்னும் கத்தியிருக்கணும் நைனா" என்று அழுததை நான் மறக்கவில்லை. பரீட்சைக்கு முன்னால் உன் மனதில் இருந்து அந்தப் பாரம் இறங்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். டாக்டர்கள் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். தப்பு இருந்தால் உன் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்.

நீ நர்சிங் காலேஜில் சேர்ந்த புதிதில் நடந்ததில் இருந்து ஆரம்பிக்கிறேன். ராமகுப்பத்தில் நம் ஷெட்டில் அப்போது பட்டுப்புழு கடைசிப் பருவத்தில் இருந்தது. அது மல்பெரித் தழை தின்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கும், உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் ஷெட்டுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒருமுறை வெளியே போனால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குச் சலித்துக்கொண்டு நம் பக்கத்தில் புழு வளர்ப்பவர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். தண்ணீர் குடித்தால்தானே வெளியே போக வேண்டும்? குடிப்பதில்லை. வந்தாலும் அடக்கிக்கொள்வது. வெயிலில் தழை அறுத்துச் சுமந்து வியர்வையாக எல்லாம் போய்விடும், மிச்சம் இருப்பது மஞ்சளாகச் சொட்டும். அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. புழுவுக்கு நோய் வரக்கூடாது, அதுதான் கவலை.

இடதுபக்கம், விலா எலும்பு முடியும் இடத்தில், முதுகுப் பக்கமாகத்தான் வலி ஆரம்பித்தது. அங்கிருந்து முன்னால் வந்து தொடை இடுக்கு வரைக்கும் இறங்கியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. குப்பம் டவுனில் டாக்டர் ஸ்கேன் செய்து, இடதுபக்கச் சிறுநீர்க் குழாயில் கல் இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டுவிட்டு இரண்டு வாரத்தில் வாருங்கள், மறுபடி ஸ்கேன் பார்த்து, இறங்காமல் இருந்தால் எடுத்துவிடலாம் என்றார். வீட்டில் உங்கள் அம்மா வாழைத்தண்டுச் சாறு கொடுத்தாள். ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, வலி போனால் மலைக்கு வந்து வீட்டு ஆண்கள் எல்லோரும் மொட்டை போடுகிறோம் என்று வேண்டிக்கொண்டாள்.

வலி போய்விட்டது. ஒருநாள் விடிந்து எழுந்தபோது இல்லை, அவ்வளவுதான். வீட்டில் ஒரே சந்தோஷம். நான், முரளி, உங்கள் மாமா கோவிந்தன் மூன்று பேரும் திருமலைக்குப் போய் மொட்டை போட்டோம். முடிப்பு உண்டியலில் விழுந்தது. தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தோம்.

நீ அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாய். என் மொட்டைத் தலையைத் தடவிச் சிரித்துவிட்டு, "கல்லு வெளிய வந்துச்சா நைனா? கண்ணால பாத்தியா?" என்று கேட்டாய்.

"கரைஞ்சிப் போச்சும்மா."

"அப்படி எப்டி கரையும்? டாக்டரு மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொன்னாரில்ல?"

நான் பதில் சொல்வதற்குள் கோவிந்தன் பிடித்துக்கொண்டான். "இன்னா செல்வி, காலேஜி போயி ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள டாக்டரம்மா ஆயிட்டியா? காணிக்க போட்டுட்டு வந்து மறுபடியும் போட்டோ புடிச்சிப் பாக்கறதா? சாமிகிட்ட ரசீது கேக்கற மாதிரி இல்ல இருக்குது!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நம் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. வேண்டுதல் செலுத்திவிட்டால் அந்த நோய் முடிந்தது. அதன் பெயரைக்கூட வீட்டில் எடுக்க மாட்டோம். எடுத்தால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். நீ இன்னொரு முறை கேட்டபோது உன் அம்மா உன் வாயைப் பொத்தினாள். பெரியவர்கள் நான்கு பேர் சேர்ந்து சிரித்த இடத்தில் ஒரு பெண்பிள்ளை இதற்குமேல் எப்படிக் கத்த முடியும்? இதை நீ நன்றாக யோசித்துப் பார்.

வலி ஏன் போனது என்று திருப்பதியில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா பிறகு சொன்னார். உன் பாடத்துக்கு இது உதவும். சிறுநீரகம் இரண்டும் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், குடலுக்குப் பின்னால், முதுகை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றும் நம் கைமுஷ்டி அளவு, அவரைவிதை மாதிரி. வலதுபக்கம் மேலே ஈரல் இருப்பதால் அது கொஞ்சம் கீழே தள்ளி இருக்கும். ஒவ்வொன்றில் இருந்தும் ஒரு மெல்லிய குழாய், ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமான நீளம், கீழே மூத்திரப் பைக்கு இறங்குகிறது. அந்தக் குழாய் சும்மா தொங்கும் ரப்பர் குழாய் இல்லை. அதற்குச் சதை இருக்கிறது. புழு நெளிந்து நகருவது போல, மேலே சுருங்கிக் கீழே சுருங்கி மூத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடுகிறது. கல் அடைத்துக்கொண்டால் அதை எப்படியாவது தள்ளிவிடப் பார்த்து முறுக்குகிறது, மேலே சிறுநீரகமும் தேங்கிய நீரில் உப்புகிறது. வலி அதுதான். நாள் கணக்கில் தள்ளிப் பார்த்தும் கல் நகராவிட்டால், அடைபட்ட சிறுநீரகம் மூத்திரம் செய்வதையே குறைத்துக்கொள்கிறது, தள்ளுவதற்கும் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. வலி அடங்கிவிடுகிறது. கல் அங்கேயே இருக்கிறது.

நாம் எதற்கு லட்டு கொடுத்தோம் என்று இப்போது தெரிகிறதா?

புழு அசையாமல் இருந்தால் நான் பயப்படுவதில்லை, கிட்டே போய்ப் பார்ப்பேன். தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தால் தோல் உரிக்கப் போகிறது, விட்டுவிடலாம். தலை தொங்கி அசையாமல் கிடந்தால் நோய். இத்தனை வருஷமாக இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன், என் இடுப்புக்குள் ஒன்று அசையாமல் போனபோது கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

ஏழெட்டு மாதம் போயிற்று. கால் கொஞ்சம் வீங்கியது, செருப்பு மாற்றிக்கொண்டேன். நடந்தால் மூச்சு வாங்கியது, வயசாகிறது என்றேன். பிறகு ஒருநாள் வலதுபக்கம் அதே வலி. இந்தமுறை கூடவே மூத்திரமும் நின்றுவிட்டது. அடக்கினால் அடிவயிறு கனக்குமே, அந்தக் கனம்கூட இல்லை. பை காலி. மேலே இருந்து எதுவும் வரவில்லை. ஒருநாள் முழுக்கச் சொட்டுக்கூட இல்லை. மறுநாள் வாந்தி.

நீ இருக்கிற ஊர் என்பதால் சித்தூருக்கே போகலாம் என்று உன் அம்மா சொன்னாள். கோவிந்தன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். பலமனேரில் நிறுத்தி ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தான். "சூடுதான் மாமா, சூடு. இத குடிச்சிக்கினு வா, சித்தூரு போறதுக்குள்ள தாராளமா வந்துடும்." அவனே பிடித்துக்கொண்டு என் வாயருகில் நீட்டினான். அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. குடித்தேன், மலைச்சரிவில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன்.

சித்தூரில் அதைச் சொன்னபோது டாக்டர், வெளியே வந்ததே நல்லது என்றார். இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு நிறைய உண்டு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே அனுப்பிவிடும். அனுப்ப ஆள் இல்லாதபோது அது ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடலாம். கோவிந்தன் அதைக் கேட்டு வெளியே போய்விட்டான். அவனிடம் இதைப் பற்றி யாரும் இனிமேல் பேச வேண்டாம். வாங்கிக்கொடுத்தது பாசம்.

ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். நம் சதை வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். ரத்தத்தில் அது ஏறினால் தள்ளுகிற வேலை நடக்கவில்லை என்று கணக்கு. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது எனக்குப் பத்தைத் தாண்டியிருந்தது. பிறகு ஸ்கேன். டாக்டர் வலதுபக்கம் பார்த்தார். இடதுபக்கம் பார்த்தார். மறுபடி இடதுபக்கமே கருவியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கத்துக்கு என்ன ஆச்சு? எவ்வளவு நாளா இப்டி?"

"அது சரியாப் போச்சுங்க சார். கல்லு கரைஞ்சிட்ச்சி."

அவர் என் மொட்டையைப் பார்க்கவில்லை, முடி வளர்ந்துவிட்டிருந்தது. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது. உன்னிடம் தனியாகப் பேசினார். நீ வாசலில் வந்து அழுதது அப்போதுதான். வலதுபக்கம் ஒன்றுதான் இத்தனை மாதமும் என்னை நடத்திக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் அடைத்துவிட்டது, அது திறக்குமா என்பது உடனே தெரிய வேண்டும் என்றாராம். திருப்பதிக்கு ஆம்புலன்ஸ் வைத்துவிட்டார்கள்.

திருப்பதியில் என்னைப் பார்த்தவர் ஒரு டாக்டரம்மா. நெற்றியில் பெரிய குங்குமம், பேச்செல்லாம் தெலுங்கு, தமிழ் புரியும். மூத்திர வழியாகவே ஒரு கருவியை உள்ளே விட்டு, பையைத் தாண்டி, வலதுபக்கக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையும் பன்றி வால் மாதிரி சுருண்டிருக்கும், ஒன்று சிறுநீரகத்திலும் ஒன்று பையிலும் மாட்டிக்கொண்டு நழுவாமல் நிற்கும். கல்லை அப்போது எடுக்கவில்லை. முதலில் நீர் இறங்க வழி வேண்டும், கல்லைப் பிறகு உடைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பிறகு காத்திருப்பு. கட்டிலின் பக்கத்தில் மூத்திரப் பை தொங்கியது. உன் அம்மா கீழே தரையில் உட்கார்ந்து அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பார்ப்பாளே, அந்த மாதிரி. சேலைத் தலைப்பில் ஒரு துண்டு கிழித்து, யாரிடமோ மஞ்சள் வாங்கிக் குழைத்து, அதில் ஒரு ரூபாயை முடிந்து என் தலையணைக்கு அடியில் வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கவே ஒருமாதிரி இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் நகரி ஊர்க்காரர் ஒருவர், லாரி ஓட்டினவர். அவருக்கு இரண்டுமே போய்விட்டது, வாரத்தில் சில நாள் டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து மிஷினில் கழுவித் திரும்ப உள்ளே அனுப்புகிறார்கள். அதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். "இங்க கைய வையி தம்பி, மோட்டாரு ஓட்றது தெரியும்" என்றார். வைத்தேன். உண்மையாகவே தோலுக்கு அடியில் அதிர்ந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன். அவர் சிரித்தார். "பயந்துக்காத. உன்து வந்துடும். வந்தா எனக்கும் ஒரு டம்ளரு கடன் குடு, நான் மூத்திரம் உட்டு ரொம்ப நாளாச்சு."

முதலில் சிவப்பாகக் கொஞ்சம் வந்தது. பிறகு மஞ்சள். அப்புறம் தெளிவாக, நிற்காமல் வந்தது. பை நிரம்பி நிரம்பி மாற்றினார்கள். "வந்துக்கினே கீதுங்க!" என்று உன் அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். நகரிக்காரர், "யம்மா, அது ஏரி ஒடஞ்சிக்கிச்சிம்மா, ஊர காலி பண்ணுங்க" என்றார். வார்டே சிரித்தது.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடைப்பு எடுத்த சிறுநீரகம் முதலில் இப்படித்தான் கண்டபடி கொட்டுமாம், நல்ல உப்பையும் சேர்த்து. ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை நம் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். சிறுநீரகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வடிகட்டிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. உன் புத்தகத்தில் நெஃப்ரான் என்று போட்டிருக்கும். அது கழிவை மட்டும் பொறுக்கி எடுக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் தண்ணீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே விட்டுவிடுகிறது. பிறகு நீளமான நுண்குழாய் வழியாக அது போகும்போது, உடம்புக்கு வேண்டியதை எல்லாம் திரும்ப மேலே இழுத்துக்கொள்கிறது. நாம் புழுப்படுக்கை சுத்தம் செய்வதில்லையா? மேலே வலையை விரித்துப் புதுத் தழை போட்டால் உயிருள்ள புழுவெல்லாம் ஏறி வந்துவிடும், வலையைத் தூக்கிக்கொண்டு எச்சத்தையும் சருகையும் வாரிக் கொட்டுகிறோம். அதே வேலைதான். என் வலதுபக்கத்துக்கு அந்த வலையைத் தூக்கும் பலம் அப்போது இன்னும் வரவில்லை. அதனால் போகிற அளவைப் பார்த்து ஊசி வழியாகத் தண்ணீரும் உப்பும் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

மெல்ல அது அடங்கியது. கிரியாட்டினின் இறங்கியது. எனக்குப் பசித்தது. கோவிந்தன் தினமும் ஷெட்டில் என் புழுவுக்குத் தழை போட்டுவிட்டு, சொன்னதைக் கேட்டு உப்பில்லாமல் சமைத்த சோற்றை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தான். "மாமா, இத நீ எப்டி துன்ற? நாயிகூட மோந்துட்டுப் போயிடும்" என்பான், ஆனாலும் என்னுடன் உட்கார்ந்து அதையேதான் சாப்பிட்டான்.

கடைசியாக இடதுபக்கத்தைப் பார்த்தார்கள். கையில் ஒரு மருந்தை ஏற்றிப் பெரிய கேமராவுக்கு முன்னால் அசையாமல் படுக்க வைத்தார்கள். சிறுநீரகம் அந்த மருந்தை உறிஞ்சினால் படத்தில் பளிச்சென்று தெரியும். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று அதில் பிரித்துப் பார்க்கலாம். டாக்டரம்மா படத்தை எங்களிடம் காட்டினார். வலதுபக்கம் அவரைவிதை மாதிரி வெளிச்சமாக இருந்தது. உன் அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே போனாள்.

"இன்னொண்ணு எங்கம்மா?"

டாக்டரம்மா விரலை வைத்துக் காட்டினார். விரல் வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. உற்றுப் பார்த்தால் புகை படிந்த மாதிரி லேசாக ஏதோ இருந்தது.

"அடப்ப அப்பவே எடுத்திருந்தா?" என்று கேட்டேன்.

"செப்பலேமு. பெரும்பாலும் பிழைத்திருக்கும்" என்றார். செப்பலேமு என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அர்த்தம். அவர் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லாமல் அடுத்ததையும் சொன்னார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அந்த 'பிழைத்திருக்கும்' இன்னும் குத்துகிறது.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். அங்கே இருந்து பார்த்தால் மலை தெரியும். உன் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமிய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். நான் ஒன்றும் சொல்லவே இல்லை. "பொண்ணு கேட்டுச்சு. நான்தான் அது வாயப் பொத்தினேன். இந்தக் கையாலதான்" என்று தன் கையைப் பார்த்தாள்.

செல்வி, நீ உன்னைக் குறை சொல்கிறாய். உன் அம்மா தன்னைச் சொல்கிறாள். கோவிந்தன் இளநீர்க் கடையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். யாரும் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி சரியாகக் கேட்டது நீதான். அந்தப் பக்கத்தைத் தைரியமாகத் திறந்து படி. படத்தில் இரண்டும் வரையச் சொன்னால் இரண்டையும் நன்றாக வரை.

சில வாரம் கழித்து வலதுபக்கக் கல்லை லேசர் வைத்து உடைத்தார்கள், ஸ்டென்ட்டையும் எடுத்துவிட்டார்கள். இடதை அப்படியே விட்டுவிட்டார்கள், தொந்தரவு கொடுத்தால் எடுக்கலாமாம். ஒன்று நன்றாக இருந்தால் ஒரு ஆளுக்குப் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக்கூடாது, வலி மாத்திரையைக் கேட்காமல் போடக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். கிளம்பும்போது உன் அம்மா, மலைக்கு எப்போது போகலாம் என்று அவரையே கேட்டாள். "முந்து ஸ்கேன், தருவாத்த கொண்ட" என்றார். முதலில் ஸ்கேன், அப்புறம் மலை. அவரும் வருஷா வருஷம் நடந்து மலை ஏறுகிறவர்தானாம்.

முதல் ஸ்கேன் போன மாதம் ஆனது. நன்றாக இருக்கிறது. அதைக் கேட்டதில் இருந்து எல்லோரும் மலைக்கு நாள் பார்க்கச் சொல்கிறார்கள். கோவிந்தன் மொட்டைக்குத் தயாராகத் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறான். நான் பிடி கொடுக்கவில்லை. சாமிமேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உன் அம்மா ஆஸ்பத்திரியில் முடிந்த அந்த முடிப்பு உண்டியலில் விழுந்துவிட்டால் நம் வீட்டில் மறுபடியும் நோய் முடிந்துவிடும், அதன் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். எனக்கு அந்தப் பயம்தான்.

நேற்று உன் அம்மாவும் முரளியும் சாந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் தழை அறுத்துப் போட்டுவிட்டு, ஷெட்டில் இருந்து வெளியே வந்து ஒன்றுக்குப் போய்விட்டு, மறுபடி கால் நனைத்துக் கை கழுவி உள்ளே போய் மிச்ச வேலையை முடித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் இருந்த முடிப்பை எடுத்தேன். துணி வெளுத்துப்போயிருந்தது. அவிழ்க்கவில்லை. அப்படியே மஞ்சள் கரைத்து அதில் நனைத்துப் பிழிந்து காய வைத்தேன். காய்ந்ததும், அதைக் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானைக்கு மேலே ஆணி அடித்து, டம்ளரை எடுக்கிற கையில் இடிக்கும்படியாகத் தொங்கவிட்டேன்.